பங்குச்சந்தைக்குப் புதியவரா? பணம் போடுவது முதல் செய்தி படிப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பங்குச்சந்தைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகைதான். "இந்தக் கம்பெனியைப் பற்றி நல்ல செய்தி வந்திருக்கிறதே, வாங்கலாமா?" என்பது ஒன்று. "சந்தை சரிகிறது என்கிறார்களே, விற்றுவிடலாமா?" என்பது மற்றொன்று. இரண்டிலும் செய்தி முன்னால் போகிறது, முடிவு அதன் பின்னால் ஓடுகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. எதை, எதற்காக, எவ்வளவு காலத்துக்கு வாங்குகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்தவருக்குச் செய்தி பயன்படும். முடிவு செய்யாதவரை அது இழுத்த இழுப்புக்கெல்லாம் அலைக்கழிக்கும்.

அதனால் செய்தியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை முதலில் பார்த்துவிடலாம்.

படி 1: எந்தப் பணத்தைப் போடுவது?

அடுத்த சில ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தை மட்டும். படிப்புக் கட்டணம், வீட்டு முன்பணம், மருத்துவச் செலவு என்று தேதி குறித்த பணம் எதையும் பங்குகளில் வைக்கக் கூடாது. சில மாதச் செலவுக்கான தொகை வங்கியில் தனியாக இருக்கட்டும். கிரெடிட் கார்டு பாக்கி போல அதிக வட்டிக் கடன் இருந்தால் அதை முதலில் அடைத்துவிடுங்கள். அந்த வட்டியைத் தாண்டி ஆண்டுதோறும் சம்பாதித்துத் தரும் பங்கு எதையும் யாராலும் உறுதி கொடுத்துச் சொல்ல முடியாது.

"நீண்ட காலம் வைத்திருந்தால் நஷ்டமே வராதாமே?" என்று பலரும் கேட்கிறார்கள். இரண்டு உண்மைக் கதைகளைச் சேர்த்துப் பார்த்தால் பதில் தெளிவாகும். அமெரிக்காவின் சுமார் 500 பெரிய கம்பெனிகளின் விலைப்போக்கை ஒரே எண்ணில் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2020 பிப்ரவரி 19-க்கும் மார்ச் 23-க்கும் இடையில் சுமார் 34 சதவீதம் விழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. மார்ச்சில் பயந்து விற்றவர் நஷ்டத்தை நிரந்தரமாக்கிக்கொண்டார், பொறுத்திருந்தவர் மீண்டார். ஆனால் ஜப்பானின் நிக்கேய் 225 குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,915 என்ற உச்சத்தைத் தொட்டது. அதை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில்தான், அதாவது 34 ஆண்டுகள் கழித்து. பொறுமை உதவும், சந்தேகமில்லை. ஆனால் எல்லாப் பணத்தையும் ஒரே நாளில், ஒரே சந்தையில், உச்ச விலையில் கொட்டியவரைப் பொறுமை மட்டும் காப்பாற்றிவிடாது. மாதாமாதம் பிரித்துப் போடுவது, பல துறைகளிலும் முடிந்தால் பல நாடுகளிலும் பரப்பி வைப்பது ஆகிய இரண்டும் அதற்காகத்தான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 50 சதவீதம் விழுந்த பங்கு பழைய விலைக்கு வர 50 சதவீதம் ஏறினால் போதாது. 100 என்பது 50 ஆகிவிட்டால், மறுபடி 100 ஆவதற்கு அது 100 சதவீதம் ஏற வேண்டும். கடன் வாங்கியோ புரோக்கர் கடனாகத் தரும் மார்ஜின் பணத்திலோ வாங்கியிருந்தால், அது ஏறும்வரை காத்திருக்க உங்களை விடமாட்டார்கள். நடுவிலேயே விற்றுக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

படி 2: என்ன வாங்குகிறோம் என்று புரிந்துகொள்வது

ஒரு பங்கு என்பது ஒரு கம்பெனியின் உரிமையில் ஒரு சிறு பகுதி. கம்பெனி ஈட்டும் லாபத்தில் ஒரு பகுதியை ஈவுத்தொகையாகத் தரலாம், தராமல் தொழிலிலேயே திரும்பப் போடவும் செய்யலாம். கம்பெனி திவாலானால் ஊழியர் பாக்கி, வரி, கடன் கொடுத்தவர்கள் என்று எல்லோருக்கும் போக மிச்சம் ஏதாவது இருந்தால்தான் பங்குதாரருக்கு. வழக்கமாக எதுவும் மிஞ்சாது.

"விலை 10-தான், மலிவாக இருக்கிறதே" என்பது புதியவர்களை அதிகம் ஏமாற்றும் எண்ணம். ஒரு கம்பெனியின் பங்கு விலை 10, மொத்தம் 100 கோடிப் பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கம்பெனிக்குச் சந்தை போட்டிருக்கும் மதிப்பு 1,000 கோடி. இன்னொரு கம்பெனியின் பங்கு விலை 1,000, மொத்தம் 50 லட்சம் பங்குகள். அதன் மதிப்பு 500 கோடி. இரண்டுமே ஆண்டுக்கு 50 கோடி லாபம் ஈட்டுகின்றன என்றால், முதல் கம்பெனியை அதன் லாபத்தைப் போல் 20 மடங்கு கொடுத்து வாங்குகிறோம், இரண்டாவதை 10 மடங்கு கொடுத்து. ஆக, விலை 1,000 உள்ள பங்குதான் இங்கே மலிவு. இந்த மடங்கைத்தான் பி.இ. விகிதம் என்கிறார்கள். குறைந்த பி.இ. என்றாலே நல்ல பங்கு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லாபம் இனி குறையப் போகிறது என்று சந்தை நினைக்கும் கம்பெனிக்கும் பி.இ. குறைவாகத்தான் இருக்கும். ஒரே துறைக் கம்பெனிகளை ஒப்பிடும்போதுதான் அது உருப்படியாகப் பயன்படும்.

பங்குப் பிரிப்பு பற்றிய செய்தியும் இதே வகைதான். என்விடியா 2024 ஜூனில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தபோது, 1,200 டாலர் சுற்றுவட்டத்தில் இருந்த விலை 120 சுற்றுவட்டத்துக்கு வந்தது. ஒரு பங்கு வைத்திருந்தவரிடம் பத்து இருந்தது. அவருடைய மொத்தச் சொத்து மாறவில்லை. விவரம் தெரியாமல் வரைபடத்தைப் பார்த்தவர் 90 சதவீதச் சரிவு என்று பதறியிருப்பார்.

படி 3: தனிப் பங்கா, இண்டெக்ஸ் ஃபண்டா?

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்: முதல் பணம் இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகட்டும். பலரிடம் திரட்டிய பணத்தில், ஒரு குறியீட்டில் உள்ள எல்லாக் கம்பெனிகளையும் அதே விகிதத்தில் வாங்கி வைப்பதுதான் அதன் வேலை. சாதாரண மக்களுக்கான இந்த வகை ஃபண்டை அமெரிக்காவில் வேன்கார்ட் என்ற ஃபண்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் போகல் 1976-ல் தொடங்கினார். எந்தக் கம்பெனி ஜெயிக்கும் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் இல்லை, செலவும் குறைவு.

செலவு என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால் 100 என்பது 30 ஆண்டுகளில் சுமார் 1,006 ஆகிறது. ஃபண்டு கட்டணம் ஒரு சதவீதம் தின்றுவிட்டு 7 சதவீதமே கையில் நின்றால் அது 761. நடுவில் காணாமல் போன 245 உங்கள் பணம்தான்.

தனிப் பங்குகளைப் பற்றிக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். மொத்தத் தொகையில் ஒரு சிறு பகுதியை அதற்கென்று ஒதுக்கி, அது முழுதும் போனாலும் தூக்கம் கெடாது என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கணக்கும் ஆர்டரும்

கணக்கு தொடங்குமுன் அந்தப் புரோக்கர் உங்கள் நாட்டுக் கண்காணிப்பு அமைப்பில் பதிவு பெற்றவரா என்று அந்த அமைப்பின் இணையதளத்துக்கே போய்ப் பாருங்கள். இந்தியாவில் செபி, சிங்கப்பூரில் எம்.ஏ.எஸ்., அமெரிக்காவில் எஸ்.இ.சி., பிரிட்டனில் எஃப்.சி.ஏ. விளம்பரத்தில் போட்டிருக்கும் பதிவு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பிலிருந்து செயலியை இறக்குவதும் வேண்டாம்.

வாங்கிய பங்கு உடனே கைக்கு வராது. இந்தியா 2023 ஜனவரியிலும் அமெரிக்கா 2024 மே மாதத்திலும் ஒரு வேலை நாளில் கணக்குத் தீர்க்கும் முறைக்கு முழுமையாக வந்துவிட்டன. வேறு பல சந்தைகளில் இது இரண்டு வேலை நாள்.

ஆர்டர் வகைகளைப் பற்றி அதிகம் பேர் கேட்பதில்லை. ஆனால் இங்கேதான் முதல் நாளிலேயே பணம் போகிறது. மார்க்கெட் ஆர்டர் போட்டால் "என்ன விலை கிடைத்தாலும் சரி, உடனே முடி" என்று சொல்கிறீர்கள். லிமிட் ஆர்டர் போட்டால் "இந்த விலைக்கு மேல் வாங்காதே" அல்லது "இந்த விலைக்குக் கீழ் விற்காதே" என்கிறீர்கள். 2010 மே 6 அன்று அமெரிக்கச் சந்தை சில நிமிடங்களுக்குத் தலைகுப்புற விழுந்தது. அப்போது 40 டாலர் அளவில் விற்றுக்கொண்டிருந்த அக்சென்சர் பங்கு ஒரு சென்ட்டுக்குக் கைமாறியது. வாங்க ஆளில்லாத அந்த நொடியில் வந்த மார்க்கெட் ஆர்டர்கள், கிடைத்த விலைக்குப் போய் விழுந்தன. மிக மோசமான அந்த வர்த்தகங்களை எக்ஸ்சேஞ்சுகள் பிறகு ரத்து செய்தன, ஆனால் எல்லாவற்றையும் ரத்து செய்யவில்லை. விலை ஓர் எல்லைக்கு இறங்கினால் தானாகவே விற்கச் சொல்லி வைக்கும் சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டரும், குறித்த விலை தொட்டதும் மார்க்கெட் ஆர்டராக மாறிவிடக்கூடியது. அதனால் புதியவர்கள் லிமிட் ஆர்டரையே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது, குறிப்பாக அதிகம் கைமாறாத சிறு கம்பெனிப் பங்குகளில்.

படி 5: செய்தியைப் படிப்பது

சரி, இப்போது செய்திக்கு வரலாம். எந்தச் செய்தியைப் பார்த்தாலும் முதலில் தேதியைப் பாருங்கள், அப்புறம் மூலத்தைப் பாருங்கள்.

தேதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2008 செப்டம்பர் 8-ஐ விடச் சரியான சாட்சி கிடைக்காது. யுனைடெட் ஏர்லைன்ஸ் 2002-ல் திவால் பாதுகாப்பு கோரியது பற்றிய ஆறு வருடப் பழைய செய்தி ஒன்று, ஒரு அமெரிக்கப் பத்திரிகையின் இணையதளத்தில் மறுபடி தலைகாட்டியது. பக்கத்தில் பழைய தேதி இல்லை. தேடுபொறி அதைப் புதுச் செய்தியாக எடுத்துக்கொண்டது, அங்கிருந்து சுருக்கம் வர்த்தகர்களின் திரைக்குப் போனது. 12 டாலர் சுற்றுவட்டத்தில் இருந்த பங்கு சில நிமிடங்களில் 3 டாலர் வரை இறங்கியது. வர்த்தகம் நிறுத்தப்பட்டு, கம்பெனி மறுத்த பிறகு விலை மீண்டும் ஏறியது. ஆனாலும் அன்றைய முடிவில் சுமார் 11 சதவீத நஷ்டத்தில்தான் நின்றது. அன்று கம்பெனியில் எதுவுமே நடக்கவில்லை. 3 டாலருக்கு விற்றவரின் பணம் மட்டும் உண்மையாகவே போயிற்று.

மூலம் என்றால் கம்பெனி தானே கொடுத்த அறிவிப்பு. பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் முக்கியமான எதையும் எக்ஸ்சேஞ்சுக்கோ கண்காணிப்பு அமைப்புக்கோ தெரிவித்தாக வேண்டும். இந்தியாவில் என்.எஸ்.இ., பி.எஸ்.இ. எக்ஸ்சேஞ்சுகளின் தளங்களிலும் அமெரிக்காவில் எஸ்.இ.சி.யின் எட்கர் தளத்திலும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். "பெரிய ஒப்பந்தம் கிடைத்தது" என்ற தலைப்பைப் பார்த்ததும் அங்கே போய் இரண்டு எண்களைத் தேடுங்கள்: ஒப்பந்தத் தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு. 500 கோடி ஒப்பந்தம் ஐந்தாண்டுகளுக்கு என்றால் ஆண்டுக்கு 100 கோடிதான். கம்பெனியின் ஆண்டு விற்பனை 20,000 கோடி என்றால் அது அரை சதவீதம். தலைப்பில் இருந்த பரபரப்பு இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும்.

கம்பெனியின் பெயரையும், எக்ஸ்சேஞ்சில் அதன் பங்குக்குக் கொடுத்திருக்கும் எழுத்துக் குறியையும் சரிபாருங்கள். 2020-ல் ஊரடங்கு தொடங்கியபோது, காணொளிக் கூட்டம் நடத்தும் ஜூம் நிறுவனத்தின் பங்கு என்று நினைத்துப் பலர் ஜூம் டெக்னாலஜீஸ் என்ற சம்பந்தமே இல்லாத ஒரு சிறு கம்பெனியின் பங்கை வாங்கிக் குவித்தார்கள். குழப்பம் முற்றி, அந்தப் பங்கின் வர்த்தகத்தையே எஸ்.இ.சி. தற்காலிகமாக நிறுத்தி வைத்தது.

அடுத்து, குறியீடுகளின் புள்ளிகள். "டவ் ஜோன்ஸ் 1,175 புள்ளிகள் சரிவு" என்று 2018 பிப்ரவரி 5 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீட்டைப் பற்றித் தலைப்புகள் அலறின. அதுவரை ஒரே நாளில் அத்தனை புள்ளிகள் விழுந்ததில்லை என்பது உண்மைதான், ஆனால் அது 4.6 சதவீதம். 1987 அக்டோபர் 19 அன்று விழுந்தது 508 புள்ளிகள்தான், அதுவோ 22.6 சதவீதம். குறியீடு ஏற ஏற ஒவ்வொரு புள்ளியின் எடையும் குறைந்துகொண்டே போகிறது. புள்ளியில் எழுதிய எந்தத் தலைப்பையும் சதவீதமாக மாற்றிய பிறகே பயப்படலாமா என்று முடிவு செய்யுங்கள்.

"லாபம் கூடியிருக்கிறதே, பங்கு ஏன் விழுந்தது?"

புதியவர்களை அதிகம் குழப்பும் கேள்வி இது. விலைக்குள் நாளைய எதிர்பார்ப்பு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதனால் செய்தி நல்லதா கெட்டதா என்பதைவிட, எதிர்பார்த்ததைவிட நல்லதா கெட்டதா என்பதுதான் விலையை நகர்த்துகிறது. நெட்ஃப்ளிக்ஸ் 2022-ன் முதல் காலாண்டு முடிவை ஏப்ரலில் வெளியிட்டபோது, வருவாய் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது. லாபமும் இருந்தது. ஆனால் 25 லட்சம் புதுச் சந்தாதாரர்கள் சேர்வார்கள் என்று கம்பெனியே சொல்லியிருந்த இடத்தில் 2 லட்சம் பேர் குறைந்திருந்தார்கள். அடுத்த காலாண்டில் இன்னும் 20 லட்சம் பேர் போவார்கள் என்றும் அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் பங்கு 35 சதவீதம் விழுந்தது. "நெட்ஃப்ளிக்ஸ் வருவாய் 10 சதவீதம் உயர்வு" என்று ஒரு தலைப்பு போட்டிருந்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருந்திருக்காது. அதை மட்டும் படித்து வாங்கப் போனவர் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே காலாண்டு முடிவைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்தே பாருங்கள்: போன ஆண்டு இதே காலாண்டில் எவ்வளவு, சந்தை எதிர்பார்த்தது எவ்வளவு, இனி வரும் மாதங்களைப் பற்றி நிர்வாகம் என்ன சொல்கிறது. லாபம் திடீரென்று எகிறியிருந்தால், நிலத்தையோ துணை நிறுவனத்தையோ விற்று வந்த ஒருமுறை வரவா என்றும் பார்க்க வேண்டும். ஏட்டில் லாபம் இருந்தும் தொழிலிலிருந்து ரொக்கம் வந்து சேராத கம்பெனியிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

"வட்டி விகிதம் ஏறினால் சந்தை ஏன் இறங்குகிறது?" என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. கடன் வாங்கிய கம்பெனிகளின் வட்டிச் செலவு கூடுகிறது, வங்கி வைப்பும் அரசுக் கடன் பத்திரமும் பங்குக்குப் போட்டியாகின்றன. இவை எளிதில் புரியும். மூன்றாவது காரணம் கணக்கில் ஒளிந்திருக்கிறது. பத்தாண்டுகள் கழித்து வரப்போகும் 100-க்கு இன்றைய மதிப்பு, 4 சதவீத வட்டியில் சுமார் 68. வட்டி 8 சதவீதமானால் அதே 100-க்கு இன்றைய மதிப்பு 46-தான். லாபம் எல்லாம் தொலைதூரத்தில் இருக்கும் இளம் கம்பெனிகள் வட்டி ஏறும்போது அதிகம் அடிபடுவது இதனால்தான். மத்திய வங்கி வட்டியை உயர்த்திய நாளிலேயே சந்தை ஏறுவதும் உண்டு. இதைவிட அதிகமாக உயர்த்துவார்கள் என்று எதிர்பார்த்திருந்தால் அப்படி நடக்கும்.

மாலைச் செய்திகளில் "முதலீட்டாளர்கள் லாபத்தைப் பதிவு செய்ததால் சரிவு" என்று ஒரு வரி வரும். அதற்கு எந்த முக்கியத்துவமும் தர வேண்டாம். விற்ற ஒவ்வொரு பங்கையும் இன்னொருவர் வாங்கியிருக்கிறார். அரை சதவீத ஏற்ற இறக்கத்துக்குப் பல நாட்களில் சொல்லும்படியான காரணமே இருக்காது, ஆனால் செய்திக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. ஆய்வாளர்கள் தரும் இலக்கு விலையையும் ஒரு கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைவிட, அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களும் அனுமானங்களும்தான் படிக்கத் தகுந்தவை.

படி 6: டிப்ஸும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸும்

டெலிகிராம் குழுவில் வரும் டிப்ஸ் பற்றி ஒரே கேள்வி கேளுங்கள்: இது இவ்வளவு நிச்சயம் என்றால், முன்பின் தெரியாத என்னிடம் ஏன் சொல்கிறார்கள்? சிறு கம்பெனிப் பங்கை முதலில் மலிவாக வாங்கி வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் புகழ்ந்து விலையை ஏற்றி, நாம் வாங்கும்போது அவர்கள் விற்றுவிட்டுப் போவது பழைய மோசடி. "உறுதியான லாபம்" என்ற சொல் எங்கே வந்தாலும் அங்கிருந்து விலகிவிடுங்கள்.

பங்கின் எதிர்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்களான ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் தொடக்கத்தில் போகவே வேண்டாம். இந்தியாவில் 2024-ல் செபி வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் அந்தப் பிரிவில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். ஐரோப்பியக் கண்காணிப்பு அமைப்பான எஸ்மா, பங்கை வாங்காமல் அதன் விலை ஏற்ற இறக்கத்தின் மீது மட்டும் பணம் கட்டும் சி.எஃப்.டி. என்ற ஒப்பந்த வர்த்தகத்தைப் பார்த்தபோது, சாதாரணத் தனிநபர்களின் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நஷ்டத்தில் முடிவதைக் கண்டது. வேறு நாடு, வேறு வகை வர்த்தகம், ஆனால் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான். இதைக் குடும்பச் சேமிப்பில் பழகிப் பார்க்கிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் பதைக்கிறது.

படி 7: எப்போது விற்பது?

விற்கும் முடிவை வாங்கும் நாளிலேயே பாதி எடுத்துவிடலாம். வாங்கும்போது ஒரு நோட்டில் நான்கைந்து வரி எழுதுங்கள்: இந்தக் கம்பெனி எதில் சம்பாதிக்கிறது, ஏன் இந்த விலை நியாயம் என்று நினைக்கிறேன், எது நடந்தால் என் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொள்வேன். கடைசி வரிதான் முக்கியம். "கடன் இரட்டிப்பானால்", "முக்கிய வாடிக்கையாளர் விலகினால்", "தணிக்கையாளர் நடுவில் ராஜினாமா செய்தால்" என்று சரிபார்க்கக்கூடிய விஷயமாக எழுதுங்கள். "விலை குறைந்தால்" என்று எழுதுவது போதாது. விலை பல காரணங்களுக்காகக் குறையும், அவற்றில் பெரும்பாலானவை கம்பெனிக்கு வெளியே இருக்கும்.

பிறகு ஒரு செய்தி வரும்போது நோட்டைத் திறந்து பாருங்கள். எழுதி வைத்த காரணங்களில் ஒன்றை அந்தச் செய்தி தொடுகிறதா? தொட்டால் கம்பெனியின் மூல அறிவிப்பைப் படித்துவிட்டு, நஷ்டம் என்றாலும் விற்றுவிடுங்கள். "வாங்கிய விலை வரட்டும், அப்புறம் விற்கலாம்" என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை, நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது சந்தைக்குத் தெரியாது. தொடவில்லை என்றால் அன்றைக்குச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. இன்னொரு காரணத்துக்காகவும் விற்கலாம்: பணம் தேவைப்படும் தேதி நெருங்கிவிட்டால். பிள்ளையின் படிப்புக்கு இன்னும் இரண்டு ஆண்டுகளில் பணம் கட்ட வேண்டும் என்றால், சந்தை நன்றாக இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வங்கிக்கு மாற்றிவிடுங்கள்.